அரை நாள் லாபம்

உதட்டோரக் கொப்புளத்தோடு மருந்துக்கடைக்கு வருகிறவர்களைப் படியேறும்போதே கண்டுகொள்ளலாம். கைக்குட்டையோ முந்தானையோ வாயை மறைத்திருக்கும். கவுண்டரில் வேறு ஆள் நின்றால், அவர் போகும்வரை ஷாம்பு பாக்கெட்டுகளை வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு தலைவலி மாத்திரை ஒரு ஸ்ட்ரிப் கேட்பார்கள். அதை வாங்கிச் சில்லறையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் துணி விலகும். "இதுக்கு ஏதாவது குடுங்க சார். ராத்திரி தூங்கறப்ப பல்லி ஒண்ணுக்கு விட்டுடுச்சு."

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் பல்லிக்கு அடுத்தபடியாக எட்டுக்கால் பூச்சியின் மேல் பழி விழும். அதுவும் இல்லையென்றால் உடம்புச் சூடு. காய்ச்சல் வந்து போன வீடாக இருந்தால், "காய்ச்சல் உதட்டு வழியா வெளிய வந்துடுச்சு, இனிமே பயமில்ல" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். இவற்றில் இந்தக் காய்ச்சல் கதை மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்கிற வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டார் கொடுத்த முத்தத்தில், எச்சிலில் உடம்புக்குள் வந்துவிடும். வந்தது போவதே இல்லை. முகத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, பல் வைத்தியம், தூக்கமில்லாத பரீட்சை வாரம் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் அதே நரம்பு வழியாக உதட்டுக்கு இறங்கிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றில் 64 பேரிடம், இந்த வைரஸ் இருக்கிறது. முந்தானைக்குப் பின்னால் மறைக்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் 'ஹெர்ப்பிஸ்' என்று கவுண்டரில் உரக்கச் சொன்னால் அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். நான் 'வைரஸ் கொப்புளம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

என்னிடம் வருவதற்குள் அந்த உதடு பல கைகளைப் பார்த்திருக்கும். வெண்ணெய், தேங்காயெண்ணெய், சந்தனம், அரைத்த வேப்பிலை, மஞ்சள், கல்லில் உரசிய மாசிக்காய், தேன். இவற்றில் எதன் மேலும் எனக்குக் கோபமில்லை. கோபம் வருவது வெற்றிலைச் சுண்ணாம்பின் மேல்தான். கொப்புளத்தைச் 'சுட்டுவிட' வேண்டும் என்று தடவி, கொப்புளத்தோடு சுற்றியுள்ள தோலையும் வேகவைத்துக்கொண்டு வருவார்கள். பற்பசை அதற்குத் தம்பி. எங்கள் தொழிலின் பங்கும் குறைவில்லை. வாய் என்றாலே பி-காம்ப்ளெக்ஸ் என்று ஒரு பட்டையை நீட்டுவது பல கடைகளில் இன்றும் நடக்கிறது. வாய்க்கு உள்ளே கன்னத்தில் வரும் புண் வேறு, வாயோரத்தில் விரியும் வெடிப்பு வேறு, உதட்டின் மேல் கூட்டமாக நீர் கோத்துக்கொண்டு வரும் கொப்புளம் வேறு. மணத்தக்காளிக் கீரையும் வைட்டமினும் முதல் இரண்டுக்கு ஒருவேளை பொருந்தலாம். மூன்றாவதற்குச் சம்பந்தமில்லை. இதைவிட மோசம், அரிப்பு, படை என்று எல்லாவற்றுக்கும் தடவுகிற ஸ்டீராய்டு கலந்த கிரீம். அதை மட்டும் தடவினால் வைரஸுக்கு விருந்து வைத்த மாதிரி. 2018-இல் அந்த ரகக் கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. அது வெகு முன்பே வந்திருக்க வேண்டிய ஆணை.

எதைத் தடவினாலும் தடவாவிட்டாலும் ஒன்று நடக்கும். முதல் நாள் ஊறல், எரிச்சல், அந்த இடத்தில் ஒரு விறுவிறுப்பு. அடுத்த நாள் கொப்புளம். இரண்டு மூன்று நாளில் உடைந்து நீர் வடிந்து புண்ணாகும். பிறகு பொருக்கு கட்டும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பொருக்கு உதிர்ந்து, தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். இதுதான் இந்த நோயை வைத்தியர்களின் செல்லப்பிள்ளை ஆக்கியிருக்கிறது. ஜனங்கள் மருந்தைத் தேடுவது கொப்புளம் உச்சத்தில் இருக்கும்போது. அதற்குப் பிறகு அது இறங்கத்தான் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் காக்கைக்குக் கிடைத்த பெயர் அன்றைக்குத் தடவிய சரக்குக்குக் கிடைக்கும். எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்வார்கள். அக்கியும் இதே ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்தான், வேறு உறுப்பினர். அதுவும் சில வாரங்களில் தானாக ஆறுவது. எழுதிய காவிக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

அப்படியானால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆறியதா என்று கேட்டுப் பயனில்லை, எல்லாமே ஆறும். எத்தனை நாளில் ஆறியது, அதே நேரத்தில் வெறும் பசையைத் தடவிக்கொண்டவருக்கு எத்தனை நாளில் ஆறியது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை முதலில் எங்கள் பக்கத்து மருந்திடமே கேட்டுப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து மருந்து அசைக்ளோவிர். அருமையான கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமில்லை. வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனால் வைரஸின் சொந்த நொதியே இந்த மருந்தை முடுக்கிவிட்டுத் தன் பெருக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும். நல்ல செல்லை அது பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இந்த வழிக்குப் பாதை போட்டவர்களில் ஒருவரான ஜெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு வாங்கினார். மூளையில் ஹெர்ப்பிஸ் ஏறியவர்களுக்கு ஊசியாகப் போட்டு உயிரைக் காப்பாற்றுகிற மருந்து இது. இதே மருந்தை 5 சதவீதக் கிரீமாக்கி உதட்டில் தடவினால் என்ன ஆகிறது? 2002-இல் வெளியான இரண்டு பெரிய அமெரிக்கச் சோதனைகளில், இரண்டிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஒன்றில் கிரீம் தடவியவர்களுக்குச் சராசரியாக 4.3 நாள், வெறும் பசை தடவியவர்களுக்கு 4.8 நாள். இன்னொன்றில் 4.6-க்கு 5.2. அரை நாள் லாபம். அதுவும் ஒரு நாளைக்கு ஐந்து வேளை விடாமல் தடவியவர்களுக்கு. வைரஸ் வேலை செய்வது தோலின் அடியடுக்கில். கிரீம் அவ்வளவு ஆழம் சரியாக இறங்குவதில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவந்து காட்டுகிற பளபளப்பான அட்டையில் 'விரைவான நிவாரணம்' என்றுதான் இருக்கும். அந்த விரைவு பன்னிரண்டு மணி நேரம் என்று எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. மாத்திரை கொஞ்சம் மேல்: வலாசைக்ளோவிர் 2 கிராம் வீதம் ஒரே நாளில் இரண்டு வேளை, ஊறல் தொடங்கிய உடனே போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் மிச்சம். ஆனால் அது டாக்டர் எழுதித் தர வேண்டியது.

இந்த அரை நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் மூலிகைப் பக்கம் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விதமாக ஏமாறலாம். மூலிகை என்றால் எல்லாம் செய்யும் என்று நம்பி ஏமாறலாம். இங்கிலீஷ் மருந்து பெரிதாக ஏதோ செய்கிறது, மூலிகை அதற்கு ஈடாகாது என்று நினைத்தும் ஏமாறலாம்.

என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. விருதுநகர்ப் பக்கத்து அண்ணாச்சி. மரப்பெட்டிகள், பித்தளைத் தராசு, திப்பிலியும் அதிமதுரமும் கலந்த ஒரு வாசம். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் என் கடைக்கு வருவார், அல்லது நான் போவேன். ஒரு நாள் பேச்சு இந்தக் கொப்புளத்தில் வந்து நின்றது.

"ஜெர்மனியில ஒரு செடி அண்ணாச்சி, எலுமிச்சை வாசம் அடிக்குமாம். அதைக் கிரீமாக்கி இதுக்குத் தடவுறாங்க" என்றேன்.

"நம்ம ஊர்ல அது எதுக்குத் தம்பி? துளசி இருக்கு, கர்ப்பூரவள்ளி இருக்கு."

அவர் சாதாரணமாகச் சொன்னார், ஆனால் குறி தப்பவில்லை. மெலிசா என்கிற அந்தச் செடியும் துளசியும் புதினாவும் கர்ப்பூரவள்ளியும் ஒரே குடும்பம். மெலிசாவில் வைரஸைத் தடுப்பதாகக் கருதப்படும் ரோஸ்மரினிக் அமிலம் துளசியிலும் உண்டு. ஆய்வகத்தில் மெலிசாச் சாறு வைரஸ் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் மெலிசாவுக்கு இருப்பதும் துளசிக்கு இல்லாததும் மனிதர்களின் உதட்டில் நடந்த சோதனை. 1994-இல் 116 பேரிடம் ஒன்று. 1999-இல் 66 பேரிடம் இன்னொன்று. இரண்டாவது கொஞ்சம் கறாரானது. வருஷத்துக்கு நாலு தடவையாவது கொப்புளம் வருகிறவர்களை மட்டும் சேர்த்து, பாதிப் பேருக்கு மெலிசாக் கிரீம், மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் கிரீம், நாளைக்கு நாலு வேளை, ஐந்து நாள். இரண்டாம் நாள் தொந்தரவுகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். மெலிசாவுக்கு 4.03, வெறும் கிரீமுக்கு 4.94. வித்தியாசம் உண்டு, அது தற்செயல் அல்ல என்று கணக்கும் சொல்கிறது. ஆனால் உதட்டில் கை வைத்தவருக்கு அந்த ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான வித்தியாசம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

"அப்ப துளசியைக் கசக்கித் தடவுனா போதுமே" என்றார் அண்ணாச்சி.

அங்கேதான் நான் நின்றுகொண்டேன். அந்தக் கிரீமில் இருந்தது எழுபது பங்கு இலைக்கு ஒரு பங்காக வற்றவைத்த சாறு, ஒவ்வொரு டியூபிலும் ஒரே அளவு. கசக்கிய நாலு இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தில் நடந்த இன்னொரு சோதனையைச் சொன்னபோது அண்ணாச்சி எழுந்து போய் ஒரு பெட்டியை இழுத்தார். 2001-இல் வெளியானது, 149 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு சேஜ் என்கிற இலையின் சாறு, ஒரு கூட்டத்துக்கு அசைக்ளோவிர், மூன்றாவது கூட்டத்துக்கு சேஜும் ருபார்ப் வேரும் சேர்ந்த கிரீம். சேஜ் மட்டும் தடவியவர்களுக்கு ஆற 7.6 நாள், அசைக்ளோவிருக்கு 6.5, சேஜும் ருபார்ப்பும் சேர்ந்ததற்கு 6.7. அண்ணாச்சி இழுத்த பெட்டியில் இருந்தது ரேவல்சின்னிக் கிழங்கு. அதுதான் ருபார்ப் இனத்து வேர். நமக்கு வருவது இமயமலைப் பக்கத்து ரகம். உள்ளே மஞ்சள் ஓடிய, லேசாகக் கசப்பு வாசமடிக்கும் துண்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "பேதிக்குக் குடுப்போம். உதட்டுக்கு யாரும் கேட்டதில்ல" என்றார். நம் பெட்டியிலேயே கிடந்த சரக்கை உதட்டுக்குத் தடவிச் சோதிக்கச் சுவிட்சர்லாந்துக்காரர்களுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

அதிமதுரத்துக்கும் வேம்புக்கும் வேறு விதமான பெருமை உண்டு. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து ஹெர்ப்பிஸ் வைரஸை அடக்குகிறது என்று 1979-இலேயே 'நேச்சர்' இதழில் வந்துவிட்டது. வேப்பம்பட்டைச் சாறு வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது என்று 2010-இல் வந்தது. இரண்டும் கண்ணாடித் தட்டில் நடந்தவை. தட்டில் வைரஸும் சாறும் நேருக்கு நேர் சந்திக்கும். உதட்டில் வைரஸ் வருவதோ நரம்பின் உள் வழியாக, செல்லுக்குள் இருந்தபடி. மேலே பூசிய விழுது அதைச் சந்திப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். 'அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று அட்டையில் அச்சடித்து வருகிற மூலிகைக் கிரீம்களை நான் எடுத்துப் படிப்பதுண்டு. பெரும்பாலும் அந்த நிரூபணம் இந்தத் தட்டைத் தாண்டியிருக்காது.

தேன் கதை தனி. 2004-இல் துபாயில் ஒரு மருத்துவர் 16 பேரிடம் பார்த்தார். உதட்டில் வந்தவர்கள் எட்டுப் பேர், பிறப்புறுப்பில் வந்தவர்கள் எட்டுப் பேர். தேன் அசைக்ளோவிரைவிட வேகமாக ஆற்றியது என்று எழுதினார். இந்தப் பதினாறு பேர்தான் உலகம் முழுவதும் தேன் விற்கிறவர்களின் விளம்பரத்தில் வெகுகாலம் நடந்துகொண்டிருந்தார்கள். பிறகு நியூசிலாந்துக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி எதையும் தேடிப் போகாமல், என்னைப் போன்ற மருந்துக்கடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 76 கடைகள். கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் கவுண்டருக்கு வந்தவர்களிடம் சம்மதம் வாங்கி, பாதிப் பேருக்கு அசைக்ளோவிர், பாதிப் பேருக்கு கானுக்கா என்கிற அவர்கள் ஊர் மரத்தின் தேன், அதில் பத்தில் ஒரு பங்கு கிளிசரின். 2015-இலிருந்து 2017 வரை 952 பேர். முடிவு 2019-இல் வந்தது: தோல் பழைய நிலைக்குத் திரும்ப அசைக்ளோவிருக்கு 8 நாள், தேனுக்கு 9. கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, தேன் தோக்கல!"

தோற்கவில்லை, சரி. ஆனால் எதனிடம் தோற்கவில்லை என்று பார்க்க வேண்டாமா? அரை நாள் லாபம் தருகிற ஒன்றிடம். வெறும் பசை தடவிய மூன்றாவது கூட்டம் அந்தச் சோதனையில் இல்லை. யாருக்கு எது போகிறது என்பதும் ஒளிவுமறைவாக இல்லை. தேனின் வாசத்தை எப்படி மறைப்பது? ஆகவே, அசைக்ளோவிர் அளவுக்குத் தேனும் செய்கிறது என்றும் படிக்கலாம், தேன் அளவுக்குத்தான் அசைக்ளோவிரும் செய்கிறது என்றும் படிக்கலாம். முதல் வாசிப்பு அண்ணாச்சிக்கு, இரண்டாவது எனக்கு. இரண்டு பேருக்கும் வியாபாரத்தில் ஒரே அளவு நஷ்டம். இன்னொன்றும் சொன்னேன்: அவர்கள் தடவியது கிருமி நீக்கித் தரம் பார்த்த மருத்துவத் தேன். நம் ஊரில் தேன் என்று பாட்டிலில் வருவதில் பாதி பாகு வாசம் அடிக்கும்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். டீ ட்ரீ எண்ணெய் 6 சதவீத ஜெல்லாக 20 பேரிடம்: 9 நாளுக்கு 12.5 நாள், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் குறைவு, கணக்கில் நிற்கவில்லை. கொப்புளம் திரும்பத் திரும்ப வராமல் தடுக்க லைசின் மாத்திரை என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிவைப்பார்கள். 2015-இல் காக்ரேன் குழு 32 சோதனைகளை, 2640 பேரின் கணக்கை எடுத்து அலசியது. லைசினுக்குச் சொல்லும்படியான சான்று கிடைக்கவில்லை. சோற்றுக்கற்றாழை குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சலுக்கு இதம். இதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொருக்கு காய்ந்து வெடிக்காமல் ஈரமாக வைத்திருப்பதே உதட்டுக்குப் பெரிய உபகாரம். வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் அதைச் செய்கின்றன.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மத்திய சித்த ஆராய்ச்சி மன்றம் சென்னையில் இருக்கிறது. துளசியோ ரேவல்சின்னியோ ஒரு கிரீமாகச் செய்து, வெறும் கிரீம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, தஞ்சை ஜில்லா மருந்துக்கடைகளில் கொடுத்துப் பார்ப்பதற்கு விண்கலம் தேவையில்லை. பத்து நாளில் முடிவு தெரிகிற நோய், ஆபத்து குறைவு, ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. என் கவுண்டரை இலவசமாகவே தருவேன். அண்ணாச்சியும் தருவார், ஆனால் அவருடைய சரக்கு ஜெயிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இப்போது நான் விற்கிற விதம் வேறு. முதல் கேள்வி "எப்ப ஆரம்பிச்சுது?" ஊறல் இன்றைக்குத்தான் என்றால் டியூபைக் கொடுத்து, இன்றே, ஐந்து வேளை என்பேன். கொப்புளம் உடைந்து மூன்று நாளாகிவிட்டது என்றால், காசை வைத்துக்கொள்ளுங்கள், தேங்காயெண்ணெய் போதும் என்பேன். என் கடைப் பையன் இதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பான். அடிக்கடி வருகிறவர்களாக இருந்தால் டியூபை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஊறல் தெரிகிற அந்தச் சில மணி நேரத்தில் கையில் இருக்கிற மருந்துதான் மருந்து. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களிடம், வெயில் காலத்தில் முக்காடு உதட்டு வரை வரட்டும், முடிந்தால் வெயில் தடுக்கும் உதட்டுப் பூச்சு ஒன்று போடுங்கள் என்று சொல்வதுண்டு. 1991-இல் ஒரு சோதனையில் புற ஊதா விளக்கைக் காட்டி 38 பேரைப் பார்த்தார்கள். வெறும் பூச்சோடு 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. வெயில் தடுப்புப் பூச்சு போட்டுக்கொண்டபோது ஒருவருக்கும் வரவில்லை. விளக்கு வேறு, சித்திரை வெயில் வேறுதான். இருந்தாலும் தேனும் டியூபும் செய்வதைவிட இது பெரிதாகத் தெரிகிறது எனக்கு. சொன்னால் சிரிப்பார்கள். "நாத்து நட லிப்ஸ்டிக்கா அண்ணே?"

சிரிக்காமல் கேட்க வேண்டிய ஆட்களும் வருவார்கள். பேத்தி பிறந்து சில வாரம்தான் ஆகிறது, ஊரிலிருந்து பார்க்க வந்த பாட்டிக்கு உதட்டில் கொப்புளம். அந்தப் பாட்டிக்கு மருந்தைவிட முக்கியம் குழந்தையை முத்தமிடாமல், கை கழுவாமல் தூக்காமல் இருப்பது. பச்சைக் குழந்தைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்தக் குழந்தைக்குத் தேனும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் நக்கக் கொடுப்பதால் வருகிற நஞ்சு வேறு கணக்கு. புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், கரப்பான் உள்ள பிள்ளை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் — இவர்களுக்கு நானும் எதுவும் கொடுக்க மாட்டேன், அண்ணாச்சியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கண் சிவந்து, கூசி, நீர் வடிகிறது, உதட்டிலோ இமையிலோ கொப்புளமும் இருக்கிறது என்றால் அன்றைக்கே கண் டாக்டர். கருவிழியில் புண் விழுந்தால் பார்வை போகும். உதட்டுக்கு வாங்கிய 5 சதவீதக் கிரீமை வீட்டில் யாரோ கண்ணுக்கும் இழுத்துவிடுவது நடக்கிறது. கண்ணுக்கென்று அசைக்ளோவிர் 3 சதவீத ஆயின்ட்மென்ட் தனியாக உண்டு. டியூபும் பெயரும் அண்ணன் தம்பி போல இருக்கும். என் கடையில் கிரீம் தோல் மருந்துகளோடு இடதுபக்க அலமாரியில், கண் ஆயின்ட்மென்ட் சொட்டு மருந்துகளோடு வலதுபக்கக் கண்ணாடிப் பெட்டியில். புதிதாக வேலைக்குச் சேருகிற பையனுக்கு முதல் நாள் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டு இடத்தையும்தான்.